பொதியின் மேல் ஒட்டிய கையொப்பம்

கடிதம் எழுதும் வழக்கம் அருகிவிட்டபோதிலும், கடல் கடந்து செல்லும் பொதிகள் அருகிவிடவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று எத்தனையோ இல்லங்கள் சிறு வியாபார நிலையங்களாக மாறியிருக்கின்றன. காலி வீதிக் கடைகளிலே தெரிந்தெடுத்த சேலை, அளவுக்குத் தைத்த இரவிக்கை, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பனங்கட்டி, புழுக்கொடியல், முலாம் பூசிய கழுத்தணி முதலியவற்றைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து முகநூலில் இடுகிறார்கள். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் சிட்னிக்கும் பெயர்ந்து சென்ற நம்மவரும் அவர்தம் பிள்ளைகளும் அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். வெளியே சென்று தொழில் பார்க்க இயலாத பெண்கள் பலருக்கு இது கௌரவமான சீவனோபாயமாக அமைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதே.

ஆனால், பொதியைக் கட்டி முடித்துத் தபாற் கந்தோருக்குக் கொண்டுசெல்லும் வேளையில் ஒரு சங்கடம் எதிர்ப்படுகிறது. வாங்குபவரிடமிருந்து ஒரு செய்தி வருகிறது: “அக்கா, விலையைக் குறைச்சுப் போடுங்கோ. அன்பளிப்பு எண்டு எழுதிவிட்டாற் போதும்.” கேட்பவர் தெரிந்தவர், அடுத்த மாதமும் வாங்கக் கூடியவர். மறுத்தால் மனங்கோணுவார். எழுதிக் கொடுத்தால் யாருக்கு என்ன நட்டம்? இந்தக் கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

சிறு கடதாசி, பெரிய பொறுப்பு

1874ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் தோன்றிய உலகத் தபால் ஒன்றியம், நாடுகளுக்கிடையே செல்லும் பொதிகளுக்கென ஒரே வகையான சுங்கப் படிவங்களை வகுத்திருக்கிறது. சிறு பொதிகளுக்குரியது சி.என். 22 எனப்படும். 300 சிறப்பு எடுப்பனவு உரிமைக்கு, அதாவது ஏறத்தாழ 400 அமெரிக்க டொலருக்கு, மேற்பட்ட பெறுமதியுடையவற்றுக்குச் சி.என். 23 என்னும் விரிவான படிவம் வேண்டும். உள்ளே இருப்பது யாது, எத்தனை, என்ன நிறை, என்ன விலை, எந்நாட்டில் ஆனது என்பவற்றை அதில் எழுத வேண்டும். அன்பளிப்பா, விற்பனைப் பொருளா, மாதிரியா என்று தனித்தனிக் கட்டங்களும் உண்டு. முடிவில், மேற்கூறியவை சரியானவை என்றும், ஆபத்தான பொருளோ தடுக்கப்பட்ட பொருளோ உள்ளே இல்லையென்றும் உறுதிகூறி அனுப்புநர் ஒப்பமிடுகிறார்.

ஒப்பமிடுபவர் அனுப்புநரே என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பொய்யை வேண்டி நின்றவரின் பெயர் பெறுநர் என்ற இடத்தில் மட்டுமே இருக்கும். உண்மைக்கு உத்தரவாதம் சொல்லி நிற்பது வெள்ளவத்தைச் சகோதரியின் கையெழுத்து.

அன்பளிப்பு என்ற சொல்லுக்கும் சட்டத்திலே வரையறை உண்டு. பிரித்தானியாவில் 39 பவுண் வரையும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 45 யூரோ வரையும், கனடாவில் 60 கனடிய டொலர் வரையும் அன்பளிப்புகளுக்குச் சலுகை அளிக்கப்பட்டிருக்கிறது. பேர்த்தியின் பிறந்தநாளுக்குப் பாட்டி அனுப்பும் சட்டைக்காக ஏற்பட்ட சலுகை அது. பணம் பெற்றுக்கொண்டு அனுப்பும் எப்பொருளும், கட்டியனுப்புபவரின் நெஞ்சிலே எவ்வளவு அன்பு இருப்பினும், அன்பளிப்பாகாது.

இலாபம் யாருக்கு? நட்டம் யாருக்கு?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலண்டனிலுள்ள ஒருவருக்கு 60 பவுணுக்கு ஒரு சேலை விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2021ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியிலிருந்து, 135 பவுணுக்கு மேற்படாத இத்தகைய விற்பனைக்கு, விற்கும்போதே 20 சதவீதப் பெறுமதி சேர் வரி அறவிடப்பட வேண்டும் என்பது பிரித்தானிய விதி. அவ்வரி 12 பவுண். அன்பளிப்பு என்றும் 35 பவுண் என்றும் எழுதினால் அந்த 12 பவுண் மிச்சமாகும். மிச்சம் பிடிப்பவர் யார்? வாங்குபவர். பொதி வழியிலே தொலைந்தால் ஈடு கேட்க வேண்டியவர் யார்? விற்றவர். 35 பவுண் என்று தம் கைப்பட எழுதியவர் 60 பவுண் ஈடு கேட்பது எங்ஙனம்? பொதியைச் சுங்கப் பகுதியினர் தடுத்து வைத்தாலும், பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி வாங்கியவர் விற்றவரைத்தானே கேட்பார்? பிறருடைய 12 பவுணுக்காகத் தம்முடைய 60 பவுணைப் பணயம் வைக்கும் வியாபாரம் இது.

“ஆயிரம் பொதிகளில் ஒன்றைத்தானே பிரித்துப் பார்க்கிறார்கள்” என்று சிலர் சமாதானம் கூறுவர். காலம் மாறிவிட்டது. 2021ஆம் ஆண்டு முதல், பொருட்கள் அடங்கிய பொதிகளின் விபரங்களை முன்கூட்டியே மின்னணு முறையில் அறிவிக்க வேண்டும் என்பது உலகத் தபால் ஒன்றியத்தின் விதி. எழுதியது அழியாது. விற்பவர் முகநூலிலே பகிரங்கமாக இட்ட விலையை அதிகாரி ஒருவர் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

பொய் எழுதியதால் மூடிய கதவுகள்

வளர்ந்த நாடுகள் சிறு பொதிகளுக்கு முன்னர் தாராளமாகச் சலுகை வழங்கின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையான பொருளுக்கு விற்பனை வரி இல்லாதிருந்தது. உண்மை விலையை மறைத்து 22 யூரோவுக்குட் காட்டும் வழக்கம் பெருகியமையும், உள்ளூர் வியாபாரிகள் நலிவுற்றமையும் காரணங்களாக, 2021 யூலை முதலாந் திகதி அச்சலுகை நீக்கப்பட்டது. அவுஸ்திரேலியா 1,000 டொலர் வரையான இறக்குமதிகளுக்கும் 2018 யூலை முதல் வரி விதித்தது. ஐக்கிய அமெரிக்கா 2016இல் 800 டொலராக உயர்த்திய தீர்வை விலக்கை 2025 ஓகஸ்ட் 29ஆந் திகதி எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அப்பொழுது 80இற்கு மேற்பட்ட தபால் நிருவாகங்கள் அந்நாட்டுக்கான சேவையை முழுமையாகவோ பகுதியாகவோ இடைநிறுத்த நேர்ந்தது. இம்மாற்றங்களுக்குக் காரணங்கள் பல. எனினும், படிவத்தை நம்ப இயலாமற் போனது அவற்றுள் ஒன்று என்பதை மறுக்கவியலாது. பொய் எழுதியவரோடு, மெய் எழுதியவரும் அந்த வாயிலிலே காத்து நிற்க வேண்டியதாயிற்று.

பணத்தோடு முடியாத கேடும் உண்டு. 2010 செப்தெம்பர் 3ஆந் திகதி துபாயிலிருந்து புறப்பட்ட ஒரு சரக்கு விமானம் தீப்பற்றி வீழ்ந்து, விமானிகள் இருவரும் மாண்டனர். அவ்விமானத்திற் பெருந்தொகையான லிதியம் மின்கலங்கள் ஏற்றப்பட்டிருந்தன. ஆபத்தான பொருள் என்று அறிவித்திருக்க வேண்டிய சில பொதிகள் அவ்வாறு அறிவிக்கப்படாமலே ஏற்றப்பட்டிருந்தன என விசாரணையாளர் கண்டனர். “உள்ளே யாது?” என்ற கேள்வி வரிக்காக மாத்திரம் கேட்கப்படுவதன்று.

செய்யத்தக்கது என்ன?

நேர்மைக்கு ஒரு விலை உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. மெய்யான விலையை எழுதுபவரிடமிருந்து, பொய் எழுதிக் கொடுக்கும் அடுத்த வீட்டாரிடம் ஒருசிலர் போய்விடக்கூடும். ஆயினும், வரியும் தபாற் செலவும் எவ்வளவாகும் என்பதை விலையோடு சேர்த்து முதலிலேயே அறிவித்துவிட்டால் பிணக்குகளிற் பெரும்பாலானவை எழா. “படிவத்தில் உண்மை விலையே எழுதப்படும்” என்று விற்பனைப் பக்கத்தில் ஒரு வரி போட்டுவிட்டால், முகத்துக்கு நேரே மறுக்கும் சங்கடமும் இல்லை. சில நாடுகளின் வரியை விற்பவரே பதிந்து செலுத்த வேண்டியிருக்கும். அது இயலாதோர் பெரிய இணையச் சந்தைகள் மூலம் விற்றால், அச்சந்தைகளே வரியை அறவிட்டுச் செலுத்திவிடும். “துணி” என்று மொட்டையாக எழுதாது, “பட்டுச் சேலை ஒன்று” என்று விளங்க எழுதுதல் வேண்டும். தங்க நகைக்கு 7113, போலி நகைக்கு 7117 என உலகெங்கும் வழங்கும் பொருட்குறி எண்ணையும் சேர்த்தால் பொதி தடையின்றிச் செல்லும். உணவுப் பொருளாயின், அந்நாடு அதை அனுமதிக்கிறதா என முன்னரே விசாரித்தல் நலம். விதைகள், இறைச்சி, பாற்பொருட்கள் ஆகியவற்றில் அவுஸ்திரேலியா மிகக் கண்டிப்பானது.

சங்கம் நமக்குப் புதியதன்று, சுங்கமும் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்டங்களுக்குச் சோழரின் புலி இலச்சினை பொறித்த சுங்க அதிகாரிகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அந்நகரத்து வணிகரை, நடுவுநிலை பிறழாத நெஞ்சினர் என்றும் அந்நூல் போற்றுகிறது. அதிகாரியின் இலச்சினையும் வணிகரின் வாக்கும் சேர்ந்தே ஒரு துறைமுகத்துக்குப் பெயர் தேடித் தந்தன.

தமிழிலே பணத்துக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். முன்னதைக் கருதிப் பின்னதை விற்பவருக்கு, நாளடைவில் இரண்டும் கைவிட்டுப் போகும். கொட்டாஞ்சேனையிற் கட்டிய பொதி ஒன்று ரொறன்ரோவிலே பிரிக்கப்படும்போது, சேலைக்கு முன்னதாகக் கண்ணிற் படுவது அதன் மேல் ஒட்டிய கடதாசிதான். அனுப்பியவரை முன்பின் அறியாத ஓர் அதிகாரிக்கு அவரைப் பற்றி எடுத்துச் சொல்ல அங்கே வேறெவரும் இல்லை; அந்தக் கையொப்பம் ஒன்றே உண்டு.