திரை இருண்டால் கணக்கு இருளுமா?

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகள் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறிவரும் காலம் இது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினி மயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்கள் பலவற்றிலும் நூல் இருப்பு, கூலிக் கணக்கு, துணி விற்பனை ஆகியவை கணினியிலேயே பதியப்படுகின்றன. தராசின் முள் சரியாக நிற்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருப்பது அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு அவசியமோ, கணினியின் சாதாரணக் கோளாறுகளை அறிந்திருப்பதும் அவ்வளவு அவசியமாகிவிட்டது. அவற்றுள் அடிக்கடி நேர்வதும், வீண் அச்சத்தையும் வீண் செலவையும் உண்டாக்குவதுமான ஒன்றை இங்கு ஆராய்வோம். மானிட்டர் எனப்படும் கணினித் திரை இடையிடையே கறுத்துப் போவதே அது.

கூலிப் பட்டுவாடா நாள் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நெசவாளர்கள் துணியை ஒப்படைத்துவிட்டுத் திண்ணையில் காத்திருக்கின்றனர். எழுத்தர் பாதிப் பெயர்களைப் பதிந்திருக்கும்போது திரை கறுக்கிறது. சில விநாடிகளில் தானே ஒளி பெறுகிறது, மறுபடியும் கறுக்கிறது. "கணக்கெல்லாம் போயிற்று" என்கிறார் ஒருவர். "போயிற்றா, போக்கினார்களா?" என்கிறார் மற்றொருவர். கூலி மறுநாளைக்குத் தள்ளிப் போகிறது. பழுது பார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் புது மானிட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கிய பின்னும் திரை கறுக்கிறது. ஏனெனில் பழுது மானிட்டரில் இல்லை, சில நூறு ரூபாய் விலையுள்ள கேபிளில் இருந்தது. சங்கத்தின் பொதுப் பணம் வீணாயிற்று. அதைவிடப் பெரிதான நம்பிக்கையும் சிறிது குறைந்தது. இந்நிலை எந்தச் சங்கத்திற்கும் நேரலாம். நேராமல் தடுக்கவும் கூடும்.

கணக்கு எங்கே இருக்கிறது?

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். மானிட்டர் கணக்கை வைத்திருப்பதில்லை. காட்டுவது மட்டுமே அதன் வேலை. கணக்கு சி.பி.யு. என்று நாம் வழங்கும் பெட்டிக்குள் இருக்கும் வட்டிலோ, இணையத்தின் வழியே வேறிடத்திலுள்ள பெரிய கணினியிலோ பதிந்திருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி மங்கினால் முகம் கெட்டுவிடுவதில்லை அல்லவா?

திரை கறுத்தவுடன் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்துவதே பலர் செய்யும் பிழை. கணக்கிற்கு உண்மையான ஆபத்து அப்போதுதான் நேர்கிறது. எழுதி முடியாத பதிவு அரைகுறையாக நின்றுவிடும். அதற்கு மாறாக, விசைப்பலகையில் 'கேப்ஸ் லாக்' என்னும் விசையை இரண்டொரு முறை அழுத்துங்கள். அதற்குரிய சிறு விளக்கு எரிந்து அணையுமானால் கணினி விழித்திருக்கிறது என்று அறியலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி என்னும் நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினால், படம் காட்டும் பகுதி மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் வேலை கெடாது. திரை மீண்டதும் முதற்காரியமாகப் பதிவைச் சேமித்து விடுக.

பழுது நிற்கும் நான்கு இடங்கள்

வயலுக்கு நீர் வரவில்லை என்றால் விவசாயி உடனே புது மோட்டார் வாங்க ஓடுவதில்லை. மின்சாரம் இருக்கிறதா, கிணற்றில் நீர் இருக்கிறதா, குழாய் உடைந்ததா, மடை அடைத்ததா என்று வரிசையாகப் பார்க்கிறார். திரைக்கும் அதுவே முறை. பழுது நிற்கக்கூடிய இடங்கள் நான்கு: மானிட்டருக்கு வரும் மின்சாரம், பெட்டியிலிருந்து படத்தைக் கொண்டுவரும் கேபிள், படத்தை உண்டாக்கும் பெட்டி, படத்தைக் காட்டும் மானிட்டர்.

இவற்றுள் எதுவென்று முதற் குறிப்புத் தருவது மானிட்டரின் விளிம்பிலுள்ள சிறு விளக்கு. திரை கறுத்திருக்கும் வேளையில் அதைப் பாருங்கள். விளக்கு முற்றும் அணைந்திருந்தால் பெரும்பாலும் மின்சாரத்தில் குறை. நிறம் மாறியோ, விட்டு விட்டோ எரிந்தால் மானிட்டர் நலமாக உள்ளது. அதற்குப் படம் வந்து சேரவில்லை. வழக்கம்போல் நிலையாக எரிந்தும் திரை இருண்டிருந்தால் மானிட்டரின் உட்புறத்தைச் சந்தேகிக்கலாம். விளக்கின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஆகவே நலமாக உள்ள நாளில் அது எவ்வாறு எரிகிறது என்று பார்த்து வைத்திருப்பது நன்று.

இரண்டாவது குறிப்பு, மானிட்டரிலுள்ள 'மெனு' பொத்தான். அதை அழுத்தும்போது மானிட்டரின் சொந்த அட்டவணை திரையில் தோன்றுமானால், திரையின் விளக்கும் கண்ணாடியும் பழுதில்லை என்பது தெளிவு. அப்போது கேபிளையும் பெட்டியையும் சோதிக்க வேண்டும்.

மின்சாரம்

நம் நாட்டில் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வரும் மின்சாரம் 230 வோல்ட் என்று வகுக்கப்பட்டுள்ளது. இக்கால மானிட்டர்களில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். ஆதலால் மின்னழுத்தம் சிறிது குறைவதைவிட, பிளக் தளர்ந்திருப்பதே மிகுதியாகக் காணும் குற்றம். சுவரிலுள்ள பிளக், நீட்டிப்புப் பலகை, மானிட்டரின் பின்புறம் செருகும் முனை ஆகிய மூன்றையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அழுத்திச் செருகுங்கள். தனி அடாப்டர் உள்ள மானிட்டராயின், அதன் மேல் அச்சிட்ட வோல்ட் அளவு மானிட்டருக்குரியதுதானா என்று பாருங்கள். 12 வோல்ட், 19 வோல்ட் என அடாப்டர்கள் பலவகை. முனை பொருந்துகிறது என்பதற்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருகலாகாது.

யு.பி.எஸ். வைத்திருக்கும் சங்கங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில யு.பி.எஸ்.களில் எல்லாத் துளைகளுக்கும் பாட்டரியின் துணை கிடையாது. மானிட்டர் அத்துணையற்ற துளையில் செருகப்பட்டிருந்தால், மின்சாரம் ஒரு கணம் தடுமாறும்போது பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். திரை மட்டும் கறுக்கும்.

கேபிள்

இடைவிட்டு இருளும் திரைக்கு மிகச் சாதாரணமான காரணம் கேபிளே. 1987-இல் வந்த வி.ஜி.ஏ. கேபிளுக்குப் 15 ஊசிகளும், பக்கத்திற்கொரு திருகும் உண்டு. திருகை முடுக்காமல் விட்டால் மேஜை அசையும்போதெல்லாம் தளரும். இன்று பரவியுள்ள எச்.டி.எம்.ஐ. கேபிளுக்கு 19 தொடுமுனைகள் உண்டு. ஆனால் சாதாரணமாகத் திருகு கிடையாது. அதன் பாரமே அதைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்துவிடும். இரு முனைகளையும் கழற்றித் தூசி நீக்கி, நேராகச் செருகி, தொங்கும் பகுதியை மேஜைக் காலோடு தளர்வாகக் கட்டிவைத்தால் பல மானிட்டர்கள் அன்றே குணமாகிவிடும். கேபிளை மெல்ல அசைக்கும்போது திரை கறுக்குமானால் வேறு சாட்சி வேண்டியதில்லை.

வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. காற்றழுத்தத்தால் ஏறி இறங்கும் நாற்காலியிலிருந்து ஒருவர் எழும்போது அதில் தேங்கிய நிலைமின்சாரம் வெளிப்பட்டு, அருகிலுள்ள தரம் குறைந்த கேபிளைத் தாக்கித் திரையை ஓரிரு விநாடி கறுக்கச் செய்வதுண்டு. எழுந்தால் இருள்கிறது, உட்கார்ந்தால் இருள்கிறது என்று எழுத்தர் கூறினால் நகைக்க வேண்டாம். நல்ல உறையிட்ட கேபிளை வாங்கித் தாருங்கள்.

பெட்டியும் பஞ்சுத் தூசியும்

பழுதே இல்லாமலும் திரை கறுக்கலாம். யாரும் தொடாமல் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழிந்தால் திரையை அணைக்குமாறு கணினிக்கே ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு முறையும் அதே கால அளவில் இருண்டு, விசையைத் தொட்டவுடன் மீள்வது இதன் அடையாளம். கணினியின் மின்சேமிப்பு அமைப்பில் அக்காலத்தை நீட்டிவிட்டால் போதும். திரை ஒரு விநாடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்னும் அளவு கேபிளின் சக்திக்கு மீறியிருந்தாலும் திரை விட்டு விட்டு இருளும்; அதை 60 என்று வைத்துச் சோதிக்கலாம்.

நெசவாளர் சங்கங்களுக்குரிய தனித்தொல்லை பஞ்சுத் தூசி. நூற்கட்டுகள் அடுக்கிய அறையிலேயே கணினியும் இருந்தால், பஞ்சு பெட்டியின் காற்றுத் துளைகளிலும் விசிறியிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே வெப்பம் ஏறும். படம் உண்டாக்கும் பகுதி சூடு தாங்காமல் இடையில் நிற்கும். காலையில் நன்றாக இருந்து, வேலை மிகுந்த பிற்பகலில் கறுப்பது இதன் அறிகுறி. மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மெல்லிய தூரிகையால் தூசியை நீக்குக. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் விலக்கி வையுங்கள்.

மானிட்டரின் உட்புறம்

மேற்கூறியவை யாவும் சரியாக இருந்தும் திரை கறுத்தால் ஒரு சோதனை செய்யலாம். இருண்ட திரையின் மீது டார்ச்சு விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் படம் வந்திருக்கிறது, திரைக்குப் பின்னாலுள்ள ஒளி மட்டும் அணைந்திருக்கிறது என்பது பொருள். குழல் விளக்கு வைத்த பழைய தட்டை மானிட்டர்களில், படம் ஓரிரு விநாடி தோன்றி மறைவது இவ்வகைக் கோளாறே. உள்ளிருக்கும் கெபாசிட்டர் என்னும் சிறு உறுப்புகள் வயதாலும் வெப்பத்தாலும் தலை வீங்கிக் கெடுவதும் உண்டு. இவற்றை மாற்றப் பெரும்பாலும் சிறு தொகையே ஆகும்; அதைத் தேர்ந்த தொழிலாளியே செய்ய வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். அங்கத்தினர் எவரும் மானிட்டரைத் திறக்கலாகாது. பல மானிட்டர்களுக்கு மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு. திறந்தால் அதுவும் போய்விடலாம். முதலில் ரசீதைத் தேடி எடுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றுக

தறியில் இழை அடிக்கடி அறுந்தால், நாடாவையும் அச்சையும் விழுதையும் ஒரே நாளில் மாற்றும் நெசவாளர் இல்லை. அவ்வாறு மாற்றினால் குற்றம் எதில் இருந்தது என்று என்றும் தெரியாது. திரைச் சோதனையிலும் ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும். வேறு கேபிள் ஒன்றை ஒரு நாள் இரவல் பெற்றுப் போட்டுப் பாருங்கள். பிறகு பழைய கேபிளோடு வேறு மானிட்டரை வைத்துப் பாருங்கள். பிறகு நம் மானிட்டரை வேறு கணினியில் இணைத்துப் பாருங்கள். எதனோடு கூடக் கோளாறும் இடம் பெயர்கிறதோ அதுவே குற்றவாளி. அருகருகே உள்ள இரு சங்கங்கள் இதற்காக ஒன்றுக்கொன்று உதவிக்கொள்வதைவிடச் சிறந்த கூட்டுறவு வேறென்ன?

இவற்றோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் வேண்டும். திரை கறுத்த நாள், மணி, அப்போது விளக்கின் நிலை, செய்துகொண்டிருந்த வேலை, மீண்ட விதம் ஆகியவற்றை எழுத்தர் குறித்து வரட்டும். ஒரு வாரக் குறிப்பு, பழுது பார்ப்பவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். நிர்வாகக் குழுவும், புது மானிட்டருக்குத் தொகை ஒதுக்கும் தீர்மானத்தை எழுதுமுன் அந்நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது முறை. பழைய மானிட்டர் உண்மையிலேயே உதவாததாயின் அதைக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவு பெறுவதற்குப் பதிவு பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகள் இதற்கு வழி செய்கின்றன.

இறுதியாக, கணினியை நம்பியிருக்கும் சங்கம் ஒவ்வொரு நாளும் கணக்கின் பிரதி ஒன்றை வேறிடத்தில் பத்திரப்படுத்துவதும், பட்டுவாடாவுக்கு முதல் நாளே கூலிப் பட்டியலை அச்சிட்டு வைப்பதும் அவசியம். இவ்விரண்டும் இருந்தால், திரை கறுத்தாலும் திண்ணையில் காத்திருப்பவர் அன்றைய கூலியை அன்றே பெற்று வீடு செல்வார். பழுதை நிதானமாக மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.