சலரோகமும் சொல்லறிவும்

நீரிழிவு நோயை யாழ்ப்பாணத்தார் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் வழங்குவர். பின்னைய பெயர், சீனியை விலக்கினால் நோயும் விலகிவிடும் என்னும் எண்ணத்துக்கு இடமளித்துவிட்டது. சீனியில்லாத் தேநீருக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொள்வோர் பலர். பனங்கட்டியிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான் என்பதை அவர் எண்ணுவதில்லை. குரக்கன் பிட்டை வேண்டுமளவு உண்ணலாம் என்பதும் இத்தகையதே. அதன் நார்ப்பொருள் நன்மை பயப்பதாயினும், சோற்றைப் போலவே குரக்கனும் மாப்பொருள் மிகுந்ததன்றோ?

எழுத்தறிவிற் பெயர்பெற்ற குடாநாட்டில் இந்நிலை வியப்பூட்டலாம். ஆனால் எழுத்தைப் படித்தல் வேறு. தன் உடல்நிலை பற்றிய செய்தியை விளங்கி நாளாந்த வாழ்விற் பயன்படுத்தல் வேறு. கிளினிக் கொப்பியில் எழுதப்படுவது பெரும்பாலும் ஆங்கிலம். அதுவும் சுருக்கக் குறிகள். பட்டம் பெற்றவருக்கும் அது புதிரே.

மருத்துவம் தமிழிற் சொல்ல இயலாததன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அம்முயற்சியின் பயன்களாம். அவர் ஆக்கிய சொற்களிற் சில இன்று கரடுமுரடாகத் தோன்றினும், வழி செவ்விய வழியே.

எச்பீஏவன்சீ என்னும் சோதனையை எடுத்துக்கொள்வோம். குருதியின் செவ்வணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. அதிலுள்ள ஈமோகுளோபினிற் குளுக்கோசு சிறிது சிறிதாக ஒட்டுகின்றது. குருதியிற் குளுக்கோசு மிகுந்தால் ஒட்டும் பங்கும் மிகும். எனவே இச்சோதனை கடந்த இரண்டு மூன்று மாதத்துக் கணக்கைக் காட்டுகின்றது. 6.5 வீதமும் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும். கிளினிக்குக்கு முன் மூன்று நாள் மட்டும் வாயைக் கட்டுவோர் வெறுவயிற்றுச் சோதனையில் தப்பலாம். இதிலே தப்புதல் அரிது.

மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என அஞ்சி, மெற்போமினைத் தாமாகவே நிறுத்துவோரும் உளர். உண்மையிற் சிறுநீரகத்தைக் கெடுப்பது நெடுங்காலம் கட்டுப்படாத குளுக்கோசே. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு மருந்தின் அளவைக் குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவரின் பொறுப்பு.

இனிப் பாதம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெறுங்காலுடன் வீதிவலம் வருவோரில் நீரிழிவுடையாரும் உளர். நரம்பு உணர்விழந்த பாதம் சுடுமணலையும் முள்ளையும் அறியாது. நோவில்லை என்பதால் காயமில்லை எனக் கொள்வர். வீடு மீண்டதும் காலைக் கழுவி, விரலிடுக்கிலும் ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியிற் பார்த்தல் வேண்டும். கண் மங்கியோர்க்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.