கடல் தாண்டும் முதல் பயணம் – 7: ஐஸ்லாந்துக்கு இரண்டு நாள் மீதி வையுங்கள்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கோ செஞ்சிக்கோ கிளம்புகிறவர் வழியைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. ஒரு பஸ் போய்விட்டால் அடுத்தது வரும். வண்டி பஞ்சரானால் தள்ளிக்கொண்டு போகிற தூரத்தில் ஒரு கடை இருக்கும். பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்தின்போதும் மட்டும் இந்தக் கணக்கு தவறும், அதுவும் கூட்டத்தால். புறப்பட்டால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிற இந்த நம்பிக்கையின் மேல்தான் நாம் வெளிநாட்டுப் பயணத்தையும் திட்டமிடுகிறோம்: ஏழு நாள் விடுமுறை, ஏழு ஊர், ஏழு ஓட்டல். சிங்கப்பூரிலும் துபாயிலும் அந்தத் திட்டம் பலிக்கும். ஜெர்மனியிலோ ஸ்வீடனிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் அழைத்து, அங்கிருந்து ஐஸ்லாந்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பும் குடும்பத்துக்கு அது பலிக்காது. அங்கே எந்தச் சாலையில் எந்த நாளில் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது வானிலை. ஆகவே கம்பளிக் கோட்டுக்கும் காருக்கும் முன்பாக முதல் பயணி சேர்த்துக்கொள்ள வேண்டியது, எந்த வேலையும் ஒதுக்காத இரண்டு நாள்களை. விசா, வண்டி, சாப்பாடு பற்றிய மற்ற ஆலோசனைகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் அந்த நாட்டின் அளவை மனத்தில் கொள்ள வேண்டும். ஐஸ்லாந்தின் பரப்பு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு பங்கு. மக்கள்தொகையோ நான்கு லட்சத்தைத் தொடவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டுமே 24 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அங்கிருக்கும் அந்த நான்கு லட்சத்திலும் பெரும்பகுதி தலைநகர் ரெய்க்யாவிக்கிலும் அதைச் சுற்றியும் வாழ்கிறது. நகரத்தைத் தாண்டிவிட்டால் பல கிலோமீட்டருக்கு வீடு கிடையாது, மரம் கிடையாது, ஒதுங்கி நிற்க ஒரு நிழற்குடை கிடையாது. காற்று வீசினால் தடுக்க எதுவும் இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள். அந்தக் காற்றைத்தான் நம்மவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். குளிர் என்று பார்த்தால் ரெய்க்யாவிக்கின் ஜனவரிச் சராசரி பூஜ்ய டிகிரியை ஒட்டியும், ஜூலைச் சராசரி 11, 12 டிகிரியுமாக இருக்கும். நல்ல உடுப்பு இருந்தால் தாங்கக்கூடியதுதான். காற்று அப்படியல்ல. ஐஸ்லாந்தில் அதை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று அறிவிப்பார்கள். 20 மீட்டர் என்று படிக்கையில் சிறிய எண்ணாகத் தெரியும், ஆனால் அது மணிக்கு 72 கிலோமீட்டர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது இருந்த வேகமும் ஏறக்குறைய அதுதான். நமக்குச் செய்தியில் பெயரோடு வந்துபோகும் புயல், அங்கே குளிர்காலத்தில் பெயரில்லாமல் அடிக்கடி வரும்.

அந்நாட்டு வானிலை அலுவலகம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நம் வானிலை ஆய்வு மையத்தைப் போலவே எச்சரிக்கை தருகிறது. இந்த நிறங்களை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் குடை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறோம். ஃபெஞ்சலுக்கு மறுநாள், டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்சரிவு வீடுகளின் மேல் விழுந்து ஏழு பேர் மாண்ட பிறகு, மழை எச்சரிக்கையைக் கவனிக்கும் பழக்கம் நம் பக்கத்தில் சற்று கூடியிருக்க வேண்டும். ஐஸ்லாந்தில் மஞ்சளுக்கே காரை எடுக்கலாமா என்று யோசியுங்கள். ஆரஞ்சுக்கு எடுக்காதீர்கள். காலையில் எழுந்ததும் வானிலை, சாலை நிலவரம் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் அன்றைய திட்டத்தை முடிவு செய்ய வேண்டும். சேஃப்டிராவல் என்ற இணையதளம் இரண்டையும் ஒரே இடத்தில் ஆங்கிலத்தில் தருகிறது. அவசர உதவிக்கு எண் 112.

அண்ணாமலையை வலம் வந்து பழகியவர்களுக்குத் தீவையும் ஒருமுறை சுற்றிவிட வேண்டும் என்ற ஆசை இயல்பாகவே வரும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், ஐஸ்லாந்தின் வட்டச் சாலை சுமார் 1,300 கிலோமீட்டர். தெற்குக் கரையில் பனிப்பாறை ஆறுகள் பரவி ஓடும் ஸ்கெய்தரா மணல்வெளியில் பாலம் கட்டி அந்த வட்டத்தை மூட 1974 வரை ஆனது. 1996இல் பனிக்கட்டிக்கு அடியில் எரிமலை வெடித்து வந்த வெள்ளம் அங்கே பாலங்களை அடித்துக்கொண்டு போனது. 2011 ஜூலையில் இன்னும் மேற்கே வேறொரு பாலம் வெள்ளத்தில் போனது. 2018 டிசம்பர் 27 அன்று இதே மணல்வெளிப் பகுதியில் ஓர் ஒற்றை வழிப் பாலத்திலிருந்து கார் கவிழ்ந்து, பிரிட்டனிலிருந்து சுற்றுலா வந்திருந்த இந்திய வம்சாவளிக் குடும்பத்தினரில் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் இறந்தார்கள். நம்மைப் போலவே விடுமுறைக்குக் குடும்பத்தோடு போனவர்கள். இந்த விபத்துக்கு இதுதான் காரணம் என்று தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சம் நான்கைந்து மணி நேரம்தான். சாலை உறைந்திருக்கும், பாலங்கள் குறுகல். அந்த மாதத்தில் புதியவர் ஒருவர் நாளொன்றுக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டியே ஆக வேண்டும் என்று திட்டம் போட்டால், ஒரு நாள் பின்தங்கினாலும் மறுநாள் இருட்டிலும் காற்றிலும் ஓட்ட வேண்டிய கட்டாயத்தில் மாட்டுவார். மீதி நாள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிடுகிறது.

இத்தனை லட்சம் செலவழித்துப் போய்விட்டு அறையில் உட்கார்ந்திருப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் ஊர்களில் ஒரு ஐரோப்பியப் பயணம் என்பது பல வருடச் சேமிப்பு. அதனால்தான் குறைவான இடங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். ரெய்க்யாவிக்கிலேயே தங்கி, திங்வெட்லிர் பிளவுப் பள்ளத்தாக்கு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெந்நீரைப் பீய்ச்சும் கெய்சிர் பகுதி, குட்ல்ஃபாஸ் அருவி மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். தெற்குக் கரையில் விக் ஊர்வரை சுமார் 190 கிலோமீட்டர், அங்கே ஓரிரவு தங்கினால் போதும். இப்படி மூன்று நாள் வேலையை ஐந்து, ஆறு நாளில் பரப்பிவைத்தால் வானம் தெளிந்த நாளைத் தேர்ந்தெடுத்துப் போகலாம். மழை மூடிய அருவியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு அடுத்த ஊருக்கு விரைவதைவிட இதுதான் பணத்துக்குப் பெறுமதி. வெளியே போக முடியாத நாளும் வீணாகாது. நகர நீச்சல் குளங்கள் பூமிச் சூட்டில் காய்ந்த வெந்நீரால் நிரம்பியவை, மழையிலும் பனியிலும் உள்ளூர்க்காரர்கள் அங்கேதான் இருப்பார்கள். குளத்தில் இறங்குமுன் உடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும் என்பது கட்டாய விதி. நம்மவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், சில இடங்களில் தனித் தடுப்பறை உண்டு, கேட்டுப் பெறலாம்.

இன்னொரு தடை விசா. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு நாள்வாரியாகத் திட்டமும் ஓட்டல் பதிவும் கேட்கிறார்களே, அதில் எப்படி நாளைக் காலியாக விடுவது? மீதி நாள் என்றால் தங்க இடமில்லாத நாள் அல்ல. ரெய்க்யாவிக்கில் கூடுதலாக இரண்டு இரவு பதிவு செய்தால் விண்ணப்பமும் சரியாக இருக்கும், உங்களுக்கும் இடம் இருக்கும். ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் 2001 முதல் ஷெங்கன் ஏற்பாட்டில் இருக்கிறது. பயணத்தில் அதிக நாள் எந்த நாட்டிலோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு அவசியம். தேதி எழுதும்போதே கூடுதல் நாள்களையும் சேர்த்து எழுதுங்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. லண்டனில் மாறுகிறவர்கள் பிரிட்டன் ஷெங்கனில் சேர்ந்ததல்ல என்பதை நினைவில் வைத்து, அங்கே விமானம் மாறுவதற்கான விதியைத் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் ரெய்க்யாவிக்கிலோ, அதிலிருந்து 50 கிலோமீட்டரில் உள்ள கெப்லாவிக் விமான நிலையத்துக்கு அருகிலோ இருங்கள்.

சொந்தமாக ஓட்டாமல் சுற்றுலாப் பஸ்ஸில் போய்விட்டால் இந்தக் கவலையே வேண்டாமே என்பதும் சொல்லப்படும். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கும் குளிர்காலத்தில் போகிறவர்களுக்கும் நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் காற்று பலத்தால் பஸ்ஸும் ரத்தாகும். மறுநாளைக்கு மாற்றித் தந்தால் ஏற்றுக்கொள்ள உங்களிடம் மறுநாள் இருக்க வேண்டும். ஓட்டியே தீருவேன் என்பவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ளவும். அங்கே 1968 முதல் வலப்புறம் ஓட்டுகிறார்கள். தார்ச்சாலையில் வேக வரம்பு 90, சரளைச் சாலையில் 80. ஒற்றை வழிப் பாலத்தில் முதலில் நெருங்கியவருக்கு வழி. எஃப் என்ற எழுத்தோடு தொடங்கும் மலைச் சாலைகளில் நாற்சக்கர இழுவை வண்டி மட்டுமே போகலாம், அவையும் கோடையில்தான் திறக்கும். சாலையை விட்டு இறங்கி ஓட்டுவது குற்றம். கார்க் கதவை ஒரு கையால் இறுகப் பிடித்தபடிதான் திறக்க வேண்டும். காற்று அதைப் பின்னால் மடக்கி உடைத்துவிடும், அந்தச் சேதத்துக்கு வாடகைக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது. நம் லைசென்ஸ் ஆங்கில எழுத்தில் இருந்தாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வைப்பது நல்லது. ஆளில்லாத பெட்ரோல் பங்க்குகள் நிறைய, அங்கே பின் எண் உள்ள கார்டு வேண்டும்.

சாப்பாட்டுக்கும் இதே கணக்கு. ரெய்க்யாவிக்கில் 1994 முதல் ஓர் இந்திய உணவகம் நடக்கிறது, நகரத்துக்கு வெளியே சைவத்துக்கு வழி குறைவு, விலையும் அதிகம். சமையல் வசதியுள்ள அறையாக எடுத்து, பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் அரிசியும் கையில் வைத்திருந்தால், புயல் நாளில் சாப்பாட்டுக்காக யாரும் காரை எடுக்க வேண்டியதில்லை. நெய், பால் பொருள், இறைச்சி கொண்டுபோகாதீர்கள், இந்தியாவிலிருந்து அவற்றுக்கு அனுமதி இல்லை. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பருத்தி உள்ளாடை நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரேற்றும், கம்பளி உள்ளாடையும் நீர்புகா மேலாடையும் வாங்குங்கள். குடை அந்தக் காற்றில் நிற்காது.

இரவு வானில் தோன்றும் வடக்கு ஒளியைப் பார்க்க வேண்டுமே, அதற்குக் குளிர்காலம்தானே என்பவர்களுக்கு: இருட்டும் தெளிந்த வானமும் இருந்தால் போதும், செப்டம்பரிலேயே தெரியும். அம்மாதக் கடைசியில் பகலும் இரவும் ஏறக்குறைய சமம், சாலையில் பெரும்பாலும் பனி இருக்காது. இலையுதிர்காலப் புயல்கள் தொடங்கும் காலம்தான், அதற்கும் மீதி நாளே விடை. ஜூனில் போனால் இரவே இருட்டாது, ஒளிக்கு வாய்ப்பில்லை.

ஐஸ்லாந்தில் பத்திரமான இடம் என்பதே நிரந்தரமல்ல. எரிமலை அபாயத்தால் கிரின்டாவிக் ஊரை 2023 நவம்பர் 10 இரவு முழுவதுமாகக் காலி செய்தார்கள். அடுத்த மாதம் தொடங்கி 2025 வரை அதையொட்டிய பிளவில் பலமுறை எரிமலை வெடித்தது, பக்கத்திலிருக்கும் புகழ்பெற்ற புளூ லகூன் குளம் ஒவ்வொரு முறையும் மூடித் திறந்தது. விக் அருகே ரெய்னிஸ்ஃபியாரா என்ற கருமணல் கடற்கரையில் அமைதியாகத் தெரியும் கடல் திடீரென்று ஒரு பேரலையை உள்ளே அனுப்பி ஆளை இழுத்துவிடும், பல பயணிகள் இறந்திருக்கிறார்கள். அங்கே எச்சரிக்கை விளக்கு சிவப்பில் எரிந்தால் மணலில் இறங்கக் கூடாது. போட்டோவுக்காக அலைக்கு முதுகு காட்டவே கூடாது.

கடைசியாக ஒன்று. புயலில் சிக்கியவரை மீட்க வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். லாண்ட்ஸ்பியோர்க் என்னும் அவர்களின் அமைப்பு, புத்தாண்டுப் பட்டாசு விற்பனையில் திரட்டும் பணத்தைத் தன் செலவுக்குப் பெரிதும் நம்பியிருக்கிறது. நள்ளிரவில் வேலையையும் வீட்டையும் விட்டு அவர்கள் வருவார்கள். அவர்களை வரவழைக்காத பயணமாகத் திட்டமிடுங்கள். விமான டிக்கெட் எடுக்குமுன் காலண்டரில் இரண்டு நாளை ஒதுக்கிவிட்டு, மீதமுள்ள நாள்களுக்கு மட்டும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

(தொடரும்)