பழுது என்று திருப்பும் முன்

டிஜிட்டல் பியானோ "ரிப்பேர்" என்று சில்லறைக் கடைகளிலிருந்து எங்களுக்குத் திரும்பி வருகிறது. பிரித்துப் பார்த்தால் பலவற்றில் பழுதே இல்லை. லாரி வாடகை நஷ்டம். அதை யார் ஏற்பது என்று நமக்குள் மனத்தாங்கல் வேறு.

சத்தமே வரவில்லையா? ஹெட்போன் துளையைப் பாருங்கள். அதில் வெறும் பின் செருகியிருந்தாலும் ஸ்பீக்கர் பேசாது. அடுத்து 'லோக்கல் கன்ட்ரோல்'. கம்ப்யூட்டரில் இணைத்து ரெக்கார்டிங் செய்பவர்கள் இதை அணைத்துவிட்டு மறப்பார்கள். பிறகு எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஊமைதான். ஆன் செய்தால் போதும்.

சுருதி சேரவில்லை என்பது அடுத்த புகார். இரண்டு கட்டையில் பாடும் பிள்ளைக்காக டிரான்ஸ்போஸை 2 ஏற்றியிருப்பார்கள். அதை 0-க்குக் கொண்டுவந்து, டியூனிங் 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்றும் பார்க்கவும்.

அரை மணியில் தானே அணைவது பழுதல்ல, மின்சாரச் சிக்கன ஏற்பாடு. யமஹா பி-45-ல் இடது கோடிக் கட்டையை அழுத்தியபடி ஆன் செய்தால் அது நீங்கும். வலது கோடிக் கட்டையை அழுத்தியபடி ஆன் செய்தால் எல்லா செட்டிங்கும் பழைய நிலைக்குத் திரும்பும். மற்ற மாடல்களுக்குக் கையேட்டைப் பாருங்கள். வாடிக்கையாளர் அதைப் படித்திருக்க மாட்டார்!

இதற்குப் பிறகும் ஒரே ஒரு கட்டை மட்டும் பேசாமலோ அலறிக்கொண்டோ இருந்தால், உள்ளே ரப்பர் கான்டாக்டில் கோளாறு இருக்கும். அது செட்டிங்கில் தீராது. அதைத் தாராளமாக அனுப்புங்கள், பில் நகலுடன்.