உயிரின் கணக்கில் ஏன் 16?

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் வாழப்பாடிக்காரர்களுக்கு விபத்து புதிதல்ல. நான்கு வழியாக வரும் சாலை ஊர்ப் புறவழிகளில் இரண்டு வழியாகச் சுருங்கியதால் பல ஆண்டுகள் நேருக்கு நேர் மோதல்கள் நடந்தன. அப்படியொரு விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால், கருமாதி முடிவதற்குள் யாராவது வந்து, “கேஸ் போட்டா இவ்வளவு வரும்” என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போவார். அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடக்கூடிய கணக்கு.

வாழப்பாடி பாக்குக்குப் பேர்போன ஊர். காலில் தளை போட்டுக்கொண்டு மரத்துக்கு மரம் ஏறிக் குலை வெட்டும் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வயது 34, மாத வருமானம் 15,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா என்று நான்கு பேர் அவரை நம்பியிருக்கிறார்கள். எதிரே வந்த லாரி ஓட்டுநரின் கவனக்குறைவால் அவர் இறந்துபோகிறார்.

மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முதலில் அவர் வருமானத்தோடு 40 சதவீதம் கூட்டும். உயிரோடு இருந்திருந்தால் கூலி உயர்ந்திருக்கும் அல்லவா? நாற்பது வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரருக்கு இந்த விகிதத்தை 2017 அக்டோபர் 31 அன்று பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. இப்போது மாதம் 21,000. அதில் கால் பங்கை அவருடைய சொந்தச் செலவு என்று கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. இதை 16-ஆல் பெருக்கினால் 30,24,000 ரூபாய். அந்த 40 சதவீதத்தைக் கூட்டாமல் விட்டிருந்தால் 21,60,000-தான் வந்திருக்கும். ஒரே ஒரு தீர்ப்பு இந்தக் குடும்பத்துக்கு 8,64,000 ரூபாயைச் சேர்த்திருக்கிறது. இறுதிச் சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான ஈடு முதலியவை தனி.

அது என்ன 16? அறுபது வயது வரை உழைப்பார் என்றால் இன்னும் 26 ஆண்டுகள் இருக்கின்றனவே?

இந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கணக்கிலேயே எனக்கு மிகவும் வியப்பான பகுதி. அவர் இருந்திருந்தால் பணம் மாதாமாதம் வந்திருக்கும். நஷ்டஈடோ ஒரே தடவையில் வருகிறது. வங்கியில் போட்டால் அது வட்டி ஈட்டும். வட்டி 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டுத் தேவையைப்போல் 25 மடங்கு பணம் இருந்தாலே அசலைத் தொடாமல் என்றென்றைக்கும் குடும்பம் நடத்தலாம். ஆனால் 26 ஆண்டுகளுக்கு வந்தால் போதும், கடைசி ஆண்டில் அசலும் தீர்ந்துவிடலாம் என்றால் எத்தனை மடங்கு வேண்டும்? போட்டுப் பார்த்தேன்: 15.98. நீதிமன்றம் இந்த வழியில் 16-ஐக் கண்டுபிடிக்கவில்லை. பழைய தீர்ப்புகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்தது. ஆனாலும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இந்தப் பெருக்கல் முறைக்கு வேர், ஒரு நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தின் மீதான வழக்கில் 1942-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தந்த தீர்ப்பு. இந்தியாவில் ஆளுக்கொரு பெருக்கெண்ணாக இருந்ததை 2009-ல் சரளா வர்மா வழக்கில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் ஒழுங்குபடுத்தினார். 15 முதல் 25 வயது வரை 18. பிறகு படிப்படியாகக் குறைந்து 50 வயதில் 13. 66 முதல் 70 வயதுக்காரருக்கும் 5 உண்டு. கூலி வேலைக்கு ஓய்வு வயது கிடையாது என்பதை அட்டவணை ஒப்புக்கொள்கிறது.

உயிர் பிழைத்துக் கால் போனவரின் கணக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. மருத்துவர் ஊனம் 50 சதவீதம் என்று சான்று தரலாம். ஆனால் மேசையில் எழுதும் குமாஸ்தாவுக்கும் பாக்கு மரம் ஏறுபவருக்கும் அந்த 50 ஒன்றாகுமா? மரம் ஏறுபவர் தொழிலையே முழுதாக இழக்கிறார். உடலின் ஊனத்தை அல்ல, சம்பாதிக்கும் திறனில் விழுந்த ஊனத்தையே அளக்க வேண்டும் என்று ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் விளக்கியது. ஆகவே தீர்ப்பாயத்தில் தொழிலை விவரமாகச் சொல்ல வேண்டும். வெறுமனே “கூலி” என்று மனுவில் எழுதிவிடுவது பெரிய நஷ்டம்.

சம்பளச் சீட்டு இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். விபத்தில் காலை இழந்த கர்நாடகக் காய்கறி வியாபாரி ஒருவர் கையில் ஒரு ரசீதும் இல்லை. ஆனாலும் அவருடைய மாத வருமானம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் ஏற்றுக்கொண்டது.

சம்பளமே இல்லாத இல்லத்தரசிக்கு? இங்கேதான் சட்டம் வெகுகாலம் தடுமாறியது. சமையல், துணி, பிள்ளைகள், மாட்டுக்குத் தண்ணீர் என்று விடியலில் தொடங்கும் உழைப்பை மோட்டார் வாகனச் சட்டத்தின் பழைய அட்டவணையொன்று கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று மதிப்பிட்டிருந்தது. 2009-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அந்த உழைப்பின் உண்மையான மதிப்பை விரிவாக ஆராய்ந்து தீர்ப்பு எழுதினார். 2021-ல் உச்ச நீதிமன்றம், இல்லத்தரசியின் கற்பனை வருமானத்தோடும் எதிர்கால உயர்வைக் கூட்டலாம் என்றது. இன்னும் தாராளமாக மதிப்பிட வேண்டும் என்பது என் எண்ணம். ஆனாலும் இது நல்ல நகர்வு.

வாழப்பாடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் சட்டத் திருத்தம் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது, தள்ளிப்போடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகலை உடனே வாங்கி வையுங்கள். வேறு மாவட்டத்தில் விபத்து நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கேட்டுப் பெற வழி உண்டு. சமரசத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் மேலே உள்ள பெருக்கலை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்.