பூனையின் இருமல்: முடியுருண்டைதானா?

கழுத்தை நீட்டி, உடலைத் தரையோடு ஒட்டிக்கொண்டு பூனை இருமுகிறது. "முடியை விழுங்கியிருக்கும்" என்று சொல்லி நாமும் விட்டுவிடுகிறோம்.

முடியுருண்டை என்றால் பூனை குமட்டும். கடைசியில் முடியைக் கக்கிவிடும். ஒன்றும் வெளிவராமல், வாரக்கணக்கில் இருமல் திரும்பத் திரும்ப வந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். சுங்கை சிப்புட் தோட்ட லயத்தில் எலி பிடித்து வெளியே திரிந்த பூனை, இன்று ஈப்போ வீட்டுக் கூடத்தில் நம்மோடு உறங்குகிறது. ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி, சிகரெட் புகை, பூனை மணலின் தூசி எல்லாமே ஆஸ்துமாவைத் தூண்டும். புகைமூட்டக் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. வெளியே எலி, பல்லி தின்னும் பூனைக்கு நுரையீரல் புழுவும், கொசுக்கடியால் இதயப்புழுவும் வரலாம்.

இருமும்போது கைப்பேசியில் காணொளி எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் இயல்பு. 40-ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ உடனே கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள்.

பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலால் பாராசிட்டமோலை முறிக்க முடியாது. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். ஆஸ்துமா முற்றாகக் குணமாகாது. ஆனால் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மருந்தும், சிறு முகமூடியோடு கூடிய இன்ஹேலரும் அதைக் கட்டுக்குள் வைக்கும்.

பூசையை நிறுத்த வேண்டாம். சாம்பிராணி போடும்போது பூனையை வேறு அறையில் விட்டு, சன்னலைத் திறந்து வையுங்கள்.