வின்டோசை ஏசுகிறோம், ஆனால் விடுவதில்லை

அவசரமாக ஒரு கடிதம் அடிக்கும்போது கணனி தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கும். வாங்கி நாலைந்து வருடத்தில் ஆமை வேகத்தில் ஓடும். வின்டோசை ஏசாதவர் எம்மவரில் குறைவு. ஆனாலும் அடுத்து வாங்கும் கணனியும் வின்டோஸ்தான். ஏன்?

முதலாவது, கடையிலேயே அது ஏற்றப்பட்டு வருகிறது. இரண்டாவது, பழுதென்றால் கேட்க ஆளுண்டு. ட்வெய்ட்டா மாடிகளில் வின்டோஸ் தெரிந்த பிள்ளையை உடனே பிடிக்கலாம். லினக்ஸ் தெரிந்தவரைத் தேடவேண்டும்.

மூன்றாவது காரணம் எமக்கே உரியது: பாமினி எழுத்துரு. அதில் ஆங்கில 'எம்' விசையை அழுத்தினால் 'அ' வரும், 'கே' அழுத்தினால் 'ம' வரும். கண்ணுக்குத் தமிழ்; கணனியின் கணக்கில் ஆங்கிலம். பாமினி இல்லாத கணனியில் அதே கடிதம் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். சங்கக் கணக்கு, நினைவுமலர், பிள்ளைகளின் தமிழ்ப் பாடத்தாள் என்று எத்தனையோ இப்படிக் கிடக்கின்றன. பாமினியை லினக்ஸிலும் ஏற்றலாம்தான். ஆனால் பக்கம் குலைந்துவிடுமோ என்ற பயம் விடாது. தொழிற்சாலையில் நான் நிற்கும் இயந்திரமும் அப்படியே. கை பழகியதை மாற்ற மனம் வராது.

நோர்வேஜியருக்கும் இந்தச் சிக்கல் வந்தது. மைக்ரோசொவ்ற்றின் ஒபிஸ் மென்பொருள் ஒருகாலத்தில் நீநொர்ஸ்க் மொழியில் கிடைக்கவில்லை. 2001 இல் இங்கே தொடங்கிய ஸ்கூலெலினக்ஸ் அம்மொழியைக் கவனித்தது. நீநொர்ஸ்க் பாடசாலைகள் ஒபிசை வாங்கமாட்டோம் என்று எச்சரித்த பின்னரே கம்பனி இசைந்தது. விட்டுப்போக வழியுள்ளவனின் சொல்லுக்குத்தான் மதிப்பு.

2025 ஒக்ரோபர் 14 உடன் வின்டோஸ் 10 இன் வழமையான ஆதரவு நின்றது. வின்டோஸ் 11 பல பழைய கணனிகளில் ஏறாது. நன்றாக ஓடும் கணனியை எறிந்து புதிது வாங்குவதா, லினக்ஸ் ஏற்றுவதா என்று பல வீடுகளில் யோசனை. வங்கி, நாவ், வரி அலுவல்கள் உலாவியிலேயே நடப்பதால் அங்கே பெரிய தடையில்லை.

எதைத் தெரிந்தாலும் முதலில் பாமினிக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மாற்றியதை ஒருமுறை வாசித்துப் பிழை திருத்துங்கள். பிறகு கைபேசியிலும் அது தமிழாகவே திறக்கும். வின்டோசிலேயே இருக்க விரும்பினால் இருங்கள். எழுதியதை இழந்துவிடுவோம் என்ற பயத்துக்காக மட்டும் இருக்கவேண்டாம்.